கேபினட், கூலிங், எஸ்எம்பிஎஸ்: வெயில் ஊரில் பிசி அசெம்பிள் செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

பிசி அசெம்பிள் செய்யக் கிளம்புகிறவர்கள் பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். பாகங்களை எல்லாம் வைக்கும் பெட்டியான கேபினட்டையும், அவற்றுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில், கடைக்காரர் கை காட்டியதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் கலர் கலராக எரியும் கண்ணாடிப் பெட்டிகள்தான் முதலில் கண்ணில் படும். "நாலு ஃபேன் வருது சார், 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்தே தர்றோம்" என்பார்கள். மலிவாகத்தான் தெரியும். சித்திரை வெயில் வந்ததும் கேம் ஆடும்போது ஃபேன் அலறும், வீடியோ ரெண்டர் ஆகும்போது மெஷின் தானாக அணைந்து போகும்.

கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் தனித்தனிச் சமாசாரம் என்று பார்ப்பதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது. எஸ்எம்பிஎஸ் உள்ளே கொடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ளுவது கேபினட்டின் வேலை. ஆக, உங்கள் மெஷின் எத்தனை வாட் தின்னும் என்ற ஒரே ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டால், இரண்டையும் அதை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

முதல் படி: வாட் கணக்கு

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். ரைசன் 5 7600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டு, இரண்டு ரேம், ஒரு எஸ்எஸ்டி, நான்கைந்து ஃபேன். கேமுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் பலர் போடும் அளவிலான மெஷின்தான் இது.

கிராபிக்ஸ் கார்டு எளிது. 5070-ஐ உருவாக்கிய என்விடியாவே 250 வாட் என்று போட்டிருக்கிறது. பிராசசரில்தான் ஏமாறக்கூடாது. பெட்டியில் இருக்கும் டிடிபி எண்ணை, அதாவது அடிப்படை வேகத்துக்கான வாட்டை, அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 7600-க்கு 65 வாட் என்று இருக்கும். முழு வேகத்தில் 88 வாட் வரை எடுக்க அதற்கு அனுமதி உண்டு. இன்டெலில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. ஐ5 13400எஃப் 65 வாட் என்று ஆரம்பித்து 148 வரை போகும், ஐ9 14900கே 125 என்று ஆரம்பித்து 253 வரை போகும். நீங்கள் எடுக்க வேண்டியது அந்த உச்ச எண்ணைத்தான். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 வாட் வைத்துக்கொண்டால் தாராளம்.

250, 88, 60. கூட்டினால் 398, சரி, 400 வாட். இனி எல்லாவற்றுக்கும் இதுதான் நம் எண்.

எஸ்எம்பிஎஸ்: பெட்டியை விடுங்கள், லேபிளைப் படியுங்கள்

400 வாட் தேவை என்பதற்காக 400 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கக்கூடாது. உச்சத்தில் அதன் திறனில் 60 முதல் 70 சதவீதம் வரைதான் பயன்பட வேண்டும். அப்போதுதான் அது சூடேறாமல், சத்தமில்லாமல் ஓடும், பல வருடம் உழைக்கும். 400-ஐ 0.65-ஆல் வகுத்தால் 615 வருகிறது. ஆக 650 வாட். 5070-க்கு என்விடியா பரிந்துரைப்பதும் 650 வாட்தான். இதே மெஷினுக்கு 1000 வாட் வாங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்தக் காசை நல்ல 650-இல் போடுவது மேல்.

நல்லது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஓர் அட்டவணை இருக்கும். +3.3 வோல்ட், +5 வோல்ட், +12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை ஆம்பியர் என்ற எண். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்கள் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதுமாக +12 வோல்ட்டில்தான் எடுக்கின்றன. அந்தக் கட்டத்தில் இருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். தரமான 650 வாட் யூனிட்டில் 54 ஆம்பியர் இருக்கும்; 54 × 12 = 648. பெட்டியில் போட்ட எண்ணும் உள்ளே இருக்கும் திறனும் ஒத்துப்போகின்றன. கேபினட்டோடு சேர்த்துத் தரும் "450 வாட்" யூனிட்டுகளில் அதே கட்டத்தைப் பாருங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் 16 × 12 = 192 வாட்தான் கிடைக்கும். நம் உதாரணத்தில் பிராசசரும் கார்டும் மட்டுமே 338 வாட் கேட்கின்றன. எப்படி ஓடும்? ஆஃபீஸ் வேலைக்கான, கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு அந்த யூனிட் ஒப்பேறலாம். கார்டு போடுவதாக இருந்தால் கேபினட்டைத் தனியாகவும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகவும் வாங்குங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள் என்பேன்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு, பிளாட்டினம் என்பவை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. பாதி சுமையில் பிரான்ஸ் சுமார் 85 சதவீதம், கோல்டு சுமார் 90 சதவீதம். ஷார்ட் சர்க்யூட் ஆனால் தப்பிக்குமா, வோல்டேஜ் ஏறினால் தானாக அணையுமா என்பதையெல்லாம் அந்த முத்திரை சொல்லாது. இருந்தாலும் கோல்டு யூனிட்டில் பெரும்பாலும் உள் பாகங்களும் நன்றாக இருக்கும் என்பது நடைமுறை. இவற்றையும் பாருங்கள்: வாரண்டி எத்தனை வருடம் (ஐந்துக்குக் கீழே இருந்தால் யோசியுங்கள், நல்லவற்றில் ஏழு, பத்து கூட உண்டு), உள்ளே மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் 105 டிகிரி ரகமா, முழுத் திறனும் எந்த வெப்பநிலையில் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்பதில்லை, நம் ஊருக்கோ அதுதான் முக்கியம். சில யூனிட்டுகள் 25 டிகிரியில் அளந்த திறனைப் போட்டிருக்கும், சில 40, சில 50. வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத அறையில் கோடை மதியம் 38 டிகிரி சர்வசாதாரணம். 25 டிகிரிக்கு எழுதிய வாக்குறுதி அங்கே செல்லாது. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது மின்னணுவியலில் பழகிப்போன கணக்கு. பத்து டிகிரி ஏறினால் அதே கணக்குத் தலைகீழாக வேலை செய்யும். மாடல் பெயரைப் போட்டு சைபெனெட்டிக்ஸ் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். நம் 230 வோல்ட்டில் அளந்த விவரங்களும் அதில் கிடைக்கும்.

புதிய கிராபிக்ஸ் கார்டுகளுக்கு ஏடிஎக்ஸ் 3.1 என்ற எஸ்எம்பிஎஸ் தரவிதி போட்ட யூனிட்டாக வாங்குங்கள். இந்தக் கார்டுகள் மிகச் சிறிய கணங்களுக்குத் திடீரென்று அதிக மின்சாரத்தை இழுக்கும். எஸ்எம்பிஎஸ் தன் திறனைப் போல இரு மடங்கு வரை அப்படி ஒரு கணம் தாங்க வேண்டும் என்பது 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0-லிருந்து விதி. கார்டுக்கு மின்சாரம் தரும் 16 பின் கனெக்டரும் அதோடு வந்ததுதான். அதே வருடம் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் சில கனெக்டர்கள் உருகியது பெரிய செய்தியானது. முழுவதுமாகச் சொருகப்படாமல் இருந்ததே காரணம் என்று என்விடியா சொன்னது. அதனால் இடைவெளி தெரியாத வரை அழுத்திச் சொருகுங்கள். கனெக்டரை ஒட்டி முதல் மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு வயரை மடக்காதீர்கள். சைடு கண்ணாடி வயரை அமுக்கும் அளவுக்குக் கேபினட் குறுகலாக இருந்தால் அது உங்களுக்கான கேபினட் அல்ல.

கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் யூனிட் வாங்கினால் இன்னொரு எச்சரிக்கை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களைப் புதியதில் சொருகவே கூடாது. முனை ஒரே மாதிரி இருக்கும், பொருந்தவும் செய்யும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களிலேயே மாறும். ஒரு தப்பான கேபிள் ஹார்டு டிஸ்க்கை நொடியில் எரித்துவிடும்.

எர்த், யூபிஎஸ், இன்வெர்ட்டர்

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறுகிறதா? எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாக மிகக் குறைந்த அளவு கரண்ட் எப்போதும் உடல் தகட்டுக்கு வரும். அது எர்த் வழியே இறங்கிப்போக வேண்டும். பிளக் பாயிண்டில் எர்த் இல்லையென்றால் இறங்க வழியில்லாமல் தகட்டிலேயே நிற்கும், நீங்கள் தொட்டால் உங்கள் வழியாக இறங்கும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பாயிண்ட் இருந்தும் எர்த் வயர் இணைக்கப்படாமல் இருப்பது சகஜம். எலக்ட்ரீசியனை அழைத்துச் சரிபாருங்கள். எந்த விலை எஸ்எம்பிஎஸ்ஸும் இதை ஈடுகட்டாது.

யூபிஎஸ் கணக்கும் நம் 400-லிருந்தே வரும். 90 சதவீதத் திறன் என்றால் சுவரிலிருந்து சுமார் 445 வாட் இழுக்கும், மானிட்டருக்கு ஒரு 30 சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் சாதாரணமாகத் தரும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் ஓவர்லோடு என்று கத்திவிட்டு அணையும். நம் மெஷினுக்கு 600 வாட் தரும் 1000 விஏ ரகம் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் போடுவதாக இருந்தால் சைன் வேவ் ரகமாக இருக்க வேண்டும், பின்பக்க ஸ்விட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறுவதற்குள் எஸ்எம்பிஎஸ்ஸின் தாக்குப்பிடிக்கும் நேரமான 12 முதல் 17 மில்லி செகண்ட் கடந்துவிடும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்.

கேபினட்: முன்பக்கம் மூச்சு விடுகிறதா?

இப்போது அதே 400 வாட்டை வெளியே தள்ள வேண்டும். இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. வாட்டை 1.76-ஆல் பெருக்கி, அறைக் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசத்தை அனுமதிக்கிறீர்களோ அந்த எண்ணால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று பெட்டிக்குள் ஓட வேண்டும் என்பது வரும். ஃபேன் பெட்டியில் சிஎஃப்எம் என்று போட்டிருப்பது இதைத்தான். பத்து டிகிரி அனுமதித்தால் 70 சிஎஃப்எம். காற்று அதில் பாதிதான் ஓடினால் வித்தியாசம் இருபது டிகிரி ஆகிவிடும்.

ஏசி அறையில் 24 டிகிரியோடு இருபதைச் சேர்த்தால் 44, ஓடிவிடும். 38 டிகிரி அறையில் சேர்த்தால் 58. உள்ளே நுழையும் காற்று ஒரு டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். 7600-க்கு வரம்பு 95 டிகிரி, அதைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளிநாட்டு யூடியூபர் "இந்தக் கேபினட் பரவாயில்லை" என்று சொன்னதை நம்பி வாங்கியது இங்கே ஏன் தடுமாறுகிறது என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது. அவர் அறை 21 டிகிரி.

70 சிஎஃப்எம்மை இரண்டு ஃபேன் தந்துவிடுமே என்று தோன்றும். ஒரு 120 மி.மீ. ஃபேன் 50, 60 என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அது முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது அளந்த எண். ஃபில்டர், வலை, கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வைக்க வைக்க அது சரியும். ஆகவே கேபினட்டில் முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கம். சமையலறை ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிட்டால் புகை போகாது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ வைத்த கேபினட்டில் நடப்பது அதேதான். கண்ணாடிக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாத சந்து வழியாகத்தான் மூன்று ஃபேன்களும் காற்றை இழுத்தாக வேண்டும். மெஷ் என்று சொல்லும் வலைத் தகடு முன்பக்கம் முழுவதும் இருக்கும் கேபினட்டைத் தேடுங்கள். கோர்செயர் 4000டி என்ற கேபினட் மூடிய முன்பக்கத்தோடும் வந்தது, 'ஏர்ஃப்ளோ' என்ற பெயரில் துளையிட்ட முன்பக்கத்தோடும் வந்தது. பெட்டி ஒன்றுதான், பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். பில் போடும் முன் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் நின்றுகொண்டே செய்யும் சோதனை ஒன்று உண்டு. டிஸ்ப்ளேவில் ஓடிக்கொண்டிருக்கும் கேபினட்டின் முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். வலையில் ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே போகிறது. அசையாமல் தொங்கினால் உள்ளே சுற்றும் கலர் லைட் அலங்காரத்துக்குத்தான்.

முன்பக்கமும் கண்ணாடி, பக்கவாட்டிலும் கண்ணாடி என்று மீன்தொட்டி போல வரும் கேபினட்டுகள் இப்போது நிறைய விற்கின்றன. அழகு, மறுக்கவில்லை. அவற்றை வாங்குவதானால் அடிப்பக்கத்திலும் மதர்போர்டு பக்கச் சுவரிலும் ஃபேன் போடுவதற்கான செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அடியில் ஃபேன் இல்லாமல் அந்த ரகத்தில் பெரிய கார்டு போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஃபேன்கள் எத்தனை, எந்தப் பக்கம்

நம் உதாரண மெஷினுக்கு முன்னால் மூன்று உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள. இதுவே போதும். மேல்பக்கம் பின் மூலையில் இன்னொன்று வெளித்தள்ளப் போட்டால் நல்லது, கட்டாயமில்லை. மேல்பக்கம் முன் மூலையில் மட்டும் வெளித்தள்ளும் ஃபேன் வேண்டாம். முன்னால் வந்த புதுக்காற்றை, பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரைத் தொடும் முன்பே பிடுங்கிக்கொண்டு போய்விடும். உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது சந்துபொந்துகள் வழியாகக் காற்று வெளியே கசியும், தூசி ஃபில்டரில் மட்டும்தான் சேரும்.

ஃபேன் சுற்றும் திசையில் குழப்பம் வந்தால் ஃபிரேமைப் பாருங்கள். நடுவில் மோட்டாரைத் தாங்கும் நான்கு கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, காற்று அந்தப் பக்கம்தான் வெளியேறும்.

மலிவான கேபினட்டுகளோடு வரும் ஃபேன்களின் முனையைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் நேராகச் சொருகும் பெரிய நான்கு பின் மோலெக்ஸ் முனை என்றால் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது, எப்போதும் ஒரே வேகம். மதர்போர்டில் சொருகும் சின்ன நான்கு பின், அதாவது பிடபிள்யூஎம் ரகமாக இருந்தால் சும்மா இருக்கும்போது அமைதியாகவும் சூடேறினால் வேகமாகவும் ஓடும். கலர் லைட் இல்லாத நான்கு நல்ல பிடபிள்யூஎம் ஃபேன்கள், லைட் மட்டும் எரியும் ஏழு ஃபேன்களைவிடப் பல மடங்கு உபயோகம்.

தண்ணீரால் குளிர்விக்கும் லிக்விட் கூலர் வேண்டுமா? 88 வாட் பிராசசருக்கு வேண்டாம். 120 மி.மீ. ஃபேன் ஒன்று வைத்த டவர் கூலர் அதை எளிதாகச் சமாளிக்கும். தண்ணீர் வெப்பத்தை மறைய வைப்பதில்லை, அதைக் காற்றில் விடும் ரேடியேட்டர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். 200 வாட்டைத் தாண்டும் பிராசசர்களுக்கு அது பொருந்தும்.

அளவுகள்

மதர்போர்டு அளவு முதலில். ஏடிஎக்ஸ் 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. பெரியதற்கான கேபினட்டில் சிறியது பொருந்தும், சிறியதற்கானதில் பெரியது பொருந்தாது. அப்புறம் கார்டின் நீளம். ஒரே 5070 கூட நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சில 240 மி.மீ., சில 300-ஐத் தாண்டும். கேபினட்டில் 350 இடம் என்று போட்டிருந்தாலும் முன்னால் ரேடியேட்டர் வைத்தால் அதன் 27, ஃபேனின் 25 சேர்ந்து 52 போய்விடும். மிச்சம் முந்நூறுக்கும் கீழே. கூலரின் உயரமும் முக்கியம். நடுத்தர டவர் கூலர்கள் 155 மி.மீ. அளவில் இருக்கும், பெரியவை 165-ஐத் தொடும். கேபினட் 160 என்று சொன்னால் பெரியது உள்ளே போகாது, கண்ணாடி மூடாது.

வைக்கும் இடமும் சோதனையும்

கம்ப்யூட்டர் டேபிள்களில் சிபியு வைக்கவென்றே மூன்று பக்கமும் மரத்தால் அடைத்த ஓர் அறை இருக்கும். அதில் வைக்காதீர்கள். பின்னால் வெளியேறும் சூடான காற்று அங்கேயே சுற்றி மறுபடி முன்பக்கம் வழியாக உள்ளே போகும். மேலே போட்ட கணக்கு எல்லாம் வீண். சுவரிலிருந்து பின்பக்கம் அரை அடியாவது தள்ளி, வெளியே வையுங்கள். எஸ்எம்பிஎஸ் அடியில் பொருந்தும் கேபினட்டில் அதன் ஃபேன் கீழ்நோக்கி இருக்கட்டும், அடியில் ஃபில்டரும் இருக்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பின் மேல் வைக்க வேண்டாம். கார்டு போடாத ஸ்லாட்டுகளின் பின்தகடுகளைத் திறந்து போட்டுவிடாதீர்கள். பல்லியும் கரப்பானும் நுழைவது அந்த வழியாகத்தான், போர்டில் ஷார்ட் ஆவதும் அப்படித்தான்.

எல்லாம் மாட்டியதும் வெப்பநிலை காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டு, நீங்கள் உண்மையில் ஆடும் கேமையோ செய்யும் ரெண்டரையோ அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிராசசர், கார்டு இரண்டின் உச்ச வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சைடு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதையே இன்னொரு அரை மணி நேரம் ஓட்டுங்கள். இரண்டு மூன்று டிகிரிதான் குறைந்தது என்றால் கேபினட் நன்றாக மூச்சு விடுகிறது. எட்டு, பத்து டிகிரி குறைந்தால் பெட்டி காற்றை அடைக்கிறது என்று பொருள். முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், முன்பக்க ஃபேனைக் கூட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கேபினட்டை மாற்றிவிடுங்கள். திறந்தும் சூடு குறையவே இல்லை, ஆனால் அதிகமாகவே இருக்கிறது என்றால் கேபினட் மேல் குற்றமில்லை. கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது தெர்மல் பேஸ்ட் சரியில்லை.

டஸ்ட் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ரோட்டை ஒட்டிய வீடென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. உள்ளே புளோயர் வைத்து ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும். எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து மட்டும் ஊதுங்கள், பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.